விமென்டின் ஜிஎஃப்ஏபி ஆக மாறுவதில்லை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பிறந்து ஒரு நாளான எலிக்குட்டியின் மூளைச் சாற்றை, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால், செல்லுக்குள் சாரமாக நிற்கும் இழைப் புரதங்களில் ஒன்றான விமென்டினின் பட்டை தடிப்பாகத் தெரிகிறது. அதே வகைப் புரதமான ஜிஎஃப்ஏபி-யின் பட்டை இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. 15-ஆம் நாள் குட்டியில் நிலைமை தலைகீழ். விமென்டினின் எடை சுமார் 57 கிலோடால்டன், ஜிஎஃப்ஏபி சுமார் 50. பெரியது வெட்டுப்பட்டுச் சிறியது ஆகிறதோ என்று கேட்டவர் ஐயப்படுகிறார். இந்த மாற்றத்தை நடத்துவது எது, தைராய்டு ஹார்மோனுக்கு இதில் என்ன வேலை என்று இரண்டு துணைக் கேள்விகளும் உண்டு.

ஐயம் நியாயமானதுதான், ஆனால் வெட்டு எதுவும் நடப்பதில்லை. மனிதனில் விமென்டினுக்கான மரபணு 10-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஜிஎஃப்ஏபி-க்கு உரியது 17-ஆம் குரோமோசோமில். முன்னதில் 466 அமினோ அமிலங்கள், பின்னதில் 432. இரண்டும் இடைநிலை இழைகள் என்னும் ஒரே வம்சத்துப் பங்காளிகள். ஒருவர் இன்னொருவராக மாறவில்லை. ஒருவர் மெல்ல வீட்டைக் காலி செய்ய, இன்னொருவர் குடிவருகிறார். இரண்டு வாரம் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்த இரண்டு வாரம்தான் சுவாரசியமானது.

வீட்டைப் பற்றி முதலில். மூளையின் துணைச் செல்களில் நட்சத்திர வடிவம் கொண்டவற்றை ஆஸ்ட்ரோசைட் என்கிறோம். நரம்புச் செல்களுக்கு உணவு தருவது, சிந்திய வேதிப்பொருள்களைத் துடைப்பது, இரத்தக் குழாய்களைப் பாதம்போல் அணைத்துக்கொள்வது எல்லாம் இவற்றின் வேலை. ஆனால் கருவில் இவை நட்சத்திரமாகப் பிறப்பதில்லை. மூளையின் உட்குழியிலிருந்து வெளிச்சவ்வு வரை ஒரே நீட்டில் ஓடும் ஆரச் செல்களே இவற்றின் முன்னோர். புதிதாகப் பிறந்த நரம்புச் செல், பனையேறி மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறுவதுபோல, அந்த நீண்ட தண்டைப் பற்றிக்கொண்டுதான் தன் அடுக்குக்கு ஏறிப் போகிறது. அந்தக் காலத்தில் ஆரச் செல்லின் உள்ளே இருப்பவை நெஸ்டின் என்னும் இன்னொரு இழைப் புரதமும் விமென்டினும். நெஸ்டினுக்குத் தனியாக இழையாகச் சேரத் தெரியாது. விமென்டினோடு சேர்ந்தால்தான் இழையாகும். மரம் ஏறும் வேலை முடிந்தபின் ஆரச் செல்களில் பெரும்பாலானவை உட்குழியை விட்டுக் கழன்று, குட்டையாகி, கிளைவிட்டு நட்சத்திரமாகின்றன. நெஸ்டின் போகிறது, விமென்டின் குறைகிறது, ஜிஎஃப்ஏபி ஏறுகிறது. எலியில் நரம்பிழைகளுக்கு மயலின் உறை பூசப்படும் அதே வாரங்களில்தான் இந்த மாற்றம் நடக்கிறது என்பது 1981-லேயே காட்டப்பட்டுவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எலியைப் பார்த்து மனிதனுக்கு எழுதிவிட வேண்டாம். குரங்குகளிலும் மனிதக் கருவிலும் ஆரச் செல்களிலேயே ஜிஎஃப்ஏபி தென்படுகிறது, எலியில் அப்படியில்லை. "ஆரச் செல் என்றால் விமென்டின், ஆஸ்ட்ரோசைட் என்றால் ஜிஎஃப்ஏபி" என்ற பாடநூல் வாக்கியம் எலிப்பொறிக்கு வெளியே செல்லுபடியாகாது.

இழை எப்படிக் கட்டப்படுகிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகும். கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு புரதங்கள் ஒரே திசையில் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்கின்றன. அப்படிப்பட்ட இரண்டு முறுக்குகள் எதிரெதிர்த் திசையில் ஒட்டி நான்கு புரதக் கட்டாகின்றன. எட்டுக் கட்டுகள் பக்கவாட்டில் சேர்ந்து சுமார் 60 நானோமீட்டர் நீளமுள்ள குட்டைக் கத்தையாகின்றன. கத்தைகள் நுனியோடு நுனி சேர்ந்து, பிறகு இறுகி, ஏறத்தாழ 10 நானோமீட்டர் தடிமனுள்ள கயிறாகின்றன. செல்லின் மற்றச் சாரங்களில் ஆக்டின் இழை 7, நுண்குழல் 25; தடிமனில் இது இரண்டுக்கும் நடுவில். இதைக் கட்ட ஏடிபி, ஜிடிபி போன்ற எரிபொருள் எதுவும் தேவையில்லை. எதிரெதிராக ஒட்டுவதால் கயிற்றுக்குத் தலை, வால் என்ற பேதமும் இல்லை. ஆகவே இதன்மீது மோட்டார் புரதங்கள் நடப்பதில்லை.

இந்தக் கயிற்றில் தென்னை நாரையும் பனை நாரையும் கலந்து திரிக்கலாம். விமென்டினும் ஜிஎஃப்ஏபி-யும் ஒரே இழைக்குள் பக்கத்துப் பக்கத்தில் அமரக்கூடியவை. உருவான இழையிலும் துண்டுகள் கழன்று புதியவை செருகப்படுவது நடந்துகொண்டே இருக்கிறது. பழைய சாரத்தை இடித்துவிட்டுப் புதியது எழுப்பவேண்டிய கட்டாயம் செல்லுக்கு இல்லை. எந்த நார் அதிகமாக வந்து சேர்கிறதோ, கயிறு மெல்ல அந்த நிறத்துக்கு மாறிவிடும். ஜெல்லில் நீங்கள் பார்த்த தலைகீழ் மாற்றம் இதுதான்.

இனி, நார் வரத்தைத் தீர்மானிப்பது எது?

பதினொன்றாம் நாள் சுண்டெலிக் கருவின் மூல செல்களை எடுத்து, ஆஸ்ட்ரோசைட்டாக்கும் சைகைப் புரதமான எல்ஐஎஃப்-ஐக் கொடுத்தால் ஜிஎஃப்ஏபி வருவதில்லை. பதினான்காம் நாள் செல்களுக்கு அதே மருந்தைக் கொடுத்தால் வருகிறது. சைகையைக் கேட்கும் காது இரண்டிலும் இருக்கிறது. சைகையை உட்கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்-3 என்னும் தூதுவனும் இரண்டிலும் கிளம்பிப் போகிறான். பிறகு ஏன் ஒன்று மட்டும் பணிகிறது? 2001-இல் ஜப்பானியக் குழு ஒன்று இதற்குத் தந்த விடை எனக்கு இன்றும் பிடித்த விடைகளில் ஒன்று. ஜிஎஃப்ஏபி மரபணுவுக்கு முன்னால் ஸ்டாட்-3 உட்காரவேண்டிய இடம் ஒன்பதே எழுத்து: டி டி சி சி ஜி ஏ ஜி ஏ ஏ. அதில் நான்காவது எழுத்தான 'சி'-யின்மீது, பதினொன்றரை நாள் கருவில், ஒரு மெத்தில் குழு ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்; அவ்வளவுதான். தூதுவன் வந்து கதவைத் தட்டுகிறான், சாவி நுழையவில்லை. பதினான்கரை நாளுக்குள் அந்த மெத்தில் பல செல்களில் நீங்கிவிடுகிறது, சாவி திரும்புகிறது.

மெத்திலை நீக்கச் சொல்வது யார் என்பது இன்னும் அழகான பகுதி. முன்னால் பிறந்த நரம்புச் செல்கள்தான். அவை தம் மேற்பரப்பில் நாட்ச் சைகைக்கான புரதங்களைக் காட்டிக்கொண்டு பக்கத்து மூல செல்லைத் தொடுகின்றன. தொடப்பட்ட செல்லில் என்எஃப்ஐ-ஏ என்னும் புரதம் கிளம்புகிறது. அது ஜிஎஃப்ஏபி மரபணுவின் தொடக்கத்தில் அமர்ந்துகொண்டு, மெத்திலைப் பராமரிக்கும் நொதியை அங்கே அண்டவிடாமல் செய்கிறது. பராமரிப்பு இல்லாததால், செல் பிரியப் பிரிய மெத்தில் தேய்ந்து போகிறது. அதோடு நிற்காமல், அதே இளம் நரம்புச் செல்கள் கார்டியோட்ரோஃபின்-1 என்ற புரதத்தையும் சுரந்து ஸ்டாட்-3-ஐக் கிளப்பிவிடுகின்றன. மூத்தவர்கள் பிறந்து வீடு நிறைந்தபின், "எங்களைப் போல இனி வேண்டாம், எங்களுக்கு உதவ ஆள் வேண்டும்" என்று அவர்களே சொல்லி அனுப்புகிறார்கள். கதவைத் திறப்பதும் அவர்கள், தூதுவனை அனுப்புவதும் அவர்கள்.

அதற்கு முன்னால் இந்த மரபணு தவறிப்போய்த் திறந்துகொள்ளாமல் இருக்க இன்னொரு பூட்டும் உண்டு. ஸ்டாட்-3 தனியாக வேலை செய்வதைவிட, பிஎம்பி என்னும் இன்னொரு சைகைப் புரதத்தின் தூதுவனான ஸ்மாட்-1-உடன் கைகோத்தால் பலம் பன்மடங்கு. இருவரையும் இணைக்கும் பாலம் பி-300 என்னும் பெரிய புரதம். நரம்புச் செல்கள் பிறக்கும் காலத்தில் நியூரோஜெனின் என்னும் புரதம் அந்தப் பாலத்தையே தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஊரில் ஒரே ஏணி. அதை நியூரோஜெனின் வாங்கிக்கொண்டு போய்விட்டால் மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான். நியூரோஜெனின் குறையும்போது ஏணி திரும்ப வருகிறது.

"ஜிஎஃப்ஏபி-யை இயக்கும் மரபணு எது?" என்று மாணவர்கள் கேட்கும்போது நான் சற்றுப் பொறுமையிழப்பது இதனால்தான். கதவு திறந்திருக்க வேண்டும், தூதுவன் வரவேண்டும், ஏணி கைக்குக் கிடைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிகாரம்.

தைராய்டுக்கு வருகிறேன். தைராய்டு குறைந்த எலிக்குட்டிகளில் ஜிஎஃப்ஏபி வருகை பிந்துகிறது. சிறுமூளையில் துகள் செல்கள் என்னும் சிறு நரம்புச் செல்கள் உள்ளே இறங்குவதும் தாமதமாகிறது. இதைப் படித்ததும், தைராய்டு ஹார்மோனின் ஒரு வடிவமான டி-3 உட்கருவுக்குப் போய் மரபணுவைத் திருப்புகிறது என்று எழுதிவிடத் தோன்றும். அதுவும் நடக்கிறது. ஆனால் ஆஸ்ட்ரோசைட்டின் கட்டமைப்பில் தைராய்டின் மிக விசித்திரமான வேலை உட்கருவுக்கு வெளியே நடக்கிறது, அங்கே கைப்பற்றப்படும் புரதம் ஆக்டின். வளர்ப்புத் தட்டில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட்டிலிருந்து தைராய்டு ஹார்மோனை எடுத்துவிட்டால் ஆக்டின் இழைகள் கலைந்துபோகின்றன. அதன் இன்னொரு வடிவமான டி-4 சேர்த்தால், புதிய புரதம் எதுவும் செய்யப்படுவதற்கு அவகாசமே இல்லாத சில நிமிடங்களில், இழைகள் மீண்டும் கூடுகின்றன. உட்கருவில் பலசாலியான டி-3 இதைச் செய்வதில்லை. பயனற்ற கழிவு என்று பலரும் ஒதுக்கும் தலைகீழ் டி-3 செய்கிறது! 1990-இல் இது வெளிவந்தபோது ஹார்மோன் பாடத்தின் வரிசை முறையே கலைந்தது.

ஆக்டின் கூடினால் என்ன லாபம்? செல்லின் வெளிப்பரப்பில் லாமினின் என்னும் பிசின் புரதத்தைப் பிடித்து நிறுத்தும் கைகள் உள்ளே ஆக்டினில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ஆக்டின் கலைந்தால் கை தளர்கிறது, லாமினின் ஒழுங்காகப் பரவுவதில்லை. இடம்பெயரும் நரம்புச் செல்லுக்கும் வளரும் நரம்பிழைக்கும் அந்த லாமினின் வழித்தடமே சாலை. குழந்தை பிறந்த சில நாள்களுக்குள் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கிறார்களே, அந்த அவசரத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட நிமிடக் கணக்கு வேலைகளும் இருக்கின்றன.

இதுவரை சொன்னது எவ்வளவு நார் வருகிறது என்பது பற்றி. திரித்த கயிற்றை அவிழ்ப்பது வேறு கலை. இடைநிலை இழைகள் வலுவானவை. உப்புக் கரைசலிலும் சோப்புக் கரைசலிலும் கரைய மறுப்பவை. ஆனால் எலிக்குட்டியின் பெருமூளைப் புறணியில் ஆஸ்ட்ரோசைட்டுகள் பெருகுவது பெரும்பாலும் பிறந்த பிறகு, அங்கங்கே இருந்தபடியே இரண்டிரண்டாகப் பிரிந்துதான். வயிற்றின் குறுக்கே கயிறு கட்டிய செல் எப்படி இரண்டாகும்? ஒவ்வொரு ஜிஎஃப்ஏபி மூலக்கூறின் தலைப்பகுதியிலும் பாஸ்பேட் ஏற்றத்தக்க சில இடங்கள் இருக்கின்றன: 7-ஆம் இடத்துத் திரியோனின், 8, 13, 38-ஆம் இடத்துச் செரீன்கள் ஆகிய அமினோ அமிலங்கள். பிரிதலின் தொடக்கத்தில் 8-ஆம் இடத்தில் ஒரு நொதி பாஸ்பேட்டை ஏற்றுகிறது. செல்லின் இடுப்பு ஒடுங்கும் நேரத்தில், ஒடுங்கும் அந்த வளையத்தில் மட்டும், ரோ-கைனேஸ் என்னும் நொதி 7, 13, 38 ஆகிய இடங்களில் ஏற்றுகிறது. எதிர்மின் ஏறிய தலைகள் ஒன்றையொன்று தள்ள, கயிறு அந்த இடத்தில் மட்டும் அவிழ்கிறது. மற்ற இடத்தில் அப்படியே நிற்கிறது.

இந்த இடங்களைப் பாஸ்பேட் ஏற்க முடியாதபடி மாற்றிய ஜிஎஃப்ஏபி-யைச் செல்லுக்குள் வைத்துப் பார்த்த ஒரு சோதனை 1998-இல் வெளிவந்தது. ஒளிரும் சாயத்தில் பார்த்தால் இரண்டு மகள் செல்கள் விலகிப் போக முயல்கின்றன; நடுவில் நீண்ட பாலம்போல இழைக்கத்தை அறுபடாமல் இழுபட்டுக்கொண்டு நிற்கிறது. தொப்புள்கொடி அறுக்க மறந்த இரட்டையர்போல. கட்டமைப்புப் புரதம் என்றால் அசையாத தூண் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் படம் அது.

அளவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முடமாகிவிடும். 1995-இல் ஜிஎஃப்ஏபி மரபணுவே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியபோது எல்லாரும் மோசமான ஒன்றை எதிர்பார்த்தார்கள். எலிகள் பிறந்தன, வளர்ந்தன, குட்டி போட்டன. நுணுக்கமாகத் தேடித்தான் குறைகளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. விமென்டினையும் சேர்த்து எடுத்துவிட்டால் காயத் தழும்பு சரியாகக் கட்டுவதில்லை என்பது பின்னர் தெரிந்தது. அதிலும் சில சூழ்நிலைகளில் நரம்பு மறுவளர்ச்சிக்கு அது நன்மையாகவே முடிந்தது. சரி, அப்படியானால் இது வேண்டாத புரதமா என்று கேட்கும் நேரத்தில், எதிர்த்திசையில் செய்த சோதனை அதிர்ச்சி தந்தது. மனித ஜிஎஃப்ஏபி மரபணுவின் கூடுதல் பிரதிகளைச் சேர்த்து, இயல்பான அதே புரதத்தை அளவுக்கு மீறிச் செய்யவைத்த சுண்டெலிகள் சில வாரங்களில் செத்தன. அவற்றின் ஆஸ்ட்ரோசைட்டுகளுக்குள் ரோசென்தால் இழைகள் என்னும் கட்டிகள் நிறைந்திருந்தன.

அந்தக் கட்டிகளை நோய்க்கூறியல் அறிந்தவர்கள் உடனே அடையாளம் கண்டார்கள். 1949-இல் அலெக்சாண்டர் என்ற மருத்துவர் விவரித்த, தலை பெருத்து, வளர்ச்சி பின்தங்கி, குழந்தைகளைக் கொல்லும் அரிய நோயின் கையெழுத்து அது. சுண்டெலி கொடுத்த குறிப்பை வைத்துக்கொண்டு நோயாளிகளின் ஜிஎஃப்ஏபி மரபணுவை வாசித்தார்கள். 2001-இல் விடை வெளிவந்தது: ஒரே ஒரு பிரதியில், பெரும்பாலும் ஒரே ஒரு அமினோ அமிலத்தில் பிழை. 79-ஆம், 239-ஆம் இடங்களில் இருக்கும் ஆர்ஜினின்கள் இதில் பேர்போனவை. புரதம் இல்லாமற்போவதால் வரும் நோய் அன்று இது. பிழையுள்ள நார் கயிற்றில் கலந்து, கயிறு கட்டியாகி, கட்டி கழிவகற்றும் பொறியை அடைத்து, அதனால் புரதம் மேலும் தேங்கி வரும் நோய். இல்லாவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், மிஞ்சினால் உயிர் போகும் என்ற இந்தச் சமனின்மைதான் இன்றைய சிகிச்சை முயற்சிக்கே அடிப்படை. ஜிஎஃப்ஏபி-யின் தூது ஆர்என்ஏ-வை ஒட்டிப் பிடித்து அழிக்கும் குறுகிய மரபுத்துண்டுகள் எலிகளில் நல்ல பலன் தந்து, மனிதர்களிடம் மருத்துவச் சோதனை வரை வந்துவிட்டன. ஒரு புரதத்தை முழுவதும் நிறுத்தினாலும் எலி வாழும் என்று 1995-இல் தெரியாமல் இருந்திருந்தால், அந்த மருந்தை யோசிக்கவே யாரும் துணிந்திருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் ஜெல். சொந்த அனுபவத்தில் நான் ஒருமுறை கிட்டத்தட்ட இரண்டு மாதம் வீணாக்கினேன். சோப்புக் கரைசலில் மூளையை அரைத்து, சுழற்றி, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொண்டு, அடியில் தங்கிய வண்டலைக் குப்பையில் போட்டேன். 15-ஆம் நாள் குட்டியில் ஜிஎஃப்ஏபி குறைகிறது என்ற மகத்தான கண்டுபிடிப்பு கிடைத்தது! இழையாகச் சேர்ந்த ஜிஎஃப்ஏபி முழுக்க அந்த வண்டலில்தான் இருந்தது. வயது ஏற ஏற அதிகமான புரதம் இழையாகி வண்டலுக்குப் போகிறது. மேல்நீரை மட்டும் அளப்பவர் ஏற்றத்தை இறக்கமாகப் படிப்பார். இந்தப் புரதம் 1970-களின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டதே, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயின் பழைய தழும்புகளில் அது அவ்வளவு அடர்த்தியாகக் குவிந்து கிடந்ததால்தான். வண்டலை எட்டு மோலார் யூரியாவிலோ நேரடியாக எஸ்டிஎஸ் என்னும் கடுமையான சோப்பின் சூடான கரைசலிலோ கரைத்து, மேல்நீரையும் வண்டலையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டுங்கள்.

ஜிஎஃப்ஏபி-க்குக் கீழே 38 முதல் 48 கிலோடால்டன் வரை ஏணிப்படிபோலப் பட்டைகள் தெரிந்தால் பதற வேண்டாம். அரைக்கும்போது கால்சியம் விழித்து, கால்பெயின் என்னும் நொதி புரதத்தைக் கடித்த தடம் அது. விமென்டினையும் அது கடிக்கும். உங்கள் ஐயத்துக்கு வித்திட்டது ஒருவேளை இந்த ஏணியாகவே இருக்கலாம். கரைசலில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் இஜிடிஏ சேர்த்து, பனிக்கட்டியில் வைத்து, வேகமாக வேலை செய்தால் பெரும்பகுதி மறையும்.

எல்லா ஓட்டத்திலும் சம அளவு சாறு ஏறியதா என்று சமன் பார்க்க ஆக்டின் பட்டையை வைத்துக்கொள்ளும் பழக்கத்தைத் தைராய்டு சோதனையில் கைவிடுங்கள். தைராய்டு தொடும் புரதத்தையே அளவுகோலாக வைத்தால் கோலும் சேர்ந்து நீளும். மொத்தப் புரதச் சாயம் போதும். முழு மூளையை ஒன்றாக அரைப்பதையும் விடலாம். வெள்ளைப் பகுதியிலும் ஹிப்போகாம்பஸிலும் ஜிஎஃப்ஏபி செழிக்கும், புறணியின் சாம்பல் பகுதியில் பல ஆஸ்ட்ரோசைட்டுகளில் சாயம் பிடிக்கும் அளவுக்குக்கூட இருக்காது. எல்லாவற்றையும் கலந்தால் சராசரி ஒன்று வரும், அது எந்தச் செல்லுடையதும் அன்று.

கடைசியாக ஒன்று. அரைப்பதற்கு முன் மூளையின் வெளிச்சவ்வை இடுக்கியால் உரித்துவிடுங்கள். சவ்விலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் விமென்டின் ஆயுள் முழுக்க இருக்கும். உரிக்காமல் அரைத்த மூளையில் 15-ஆம் நாளும், முப்பதாம் நாளும், கிழ எலியிலும் ஒரு விமென்டின் பட்டை விடாமல் நிற்கும். அதில் பெரும்பங்கு ஆஸ்ட்ரோசைட்டுடையது அன்று.